இடது ஒன்பது, வலது எட்டு

படத்தில் இது இல்லை.

படத்தில் இருப்பது
கொடநாடு போகும் சாலையில் ஒரு வளைவு,
மேகம் ஒதுங்க நாங்கள் காத்திருந்த இரண்டு மணி நேரம்
(நீங்கள் பார்க்கையில் பதினொரு நொடி),
கறுப்புக் கோட்டில் ஜெர்வாஸ் மரியதாஸ்.
மிலானில் அவரை ஷெர்வாஸ் என்கிறார்கள்.
ஜோடி இரண்டு லட்சம் என்று ஒரு குரல் சொல்லும்.
அந்தக் குரலையும் பதிவு செய்தது நான்தான்,
சென்னையில், ஏசியை அணைத்துவிட்டு, வியர்த்து வழிந்து.

என் வேலை சத்தம்.
அவர் சட்டையின் மூன்றாம் பொத்தானுக்குப் பின்னால்
பட்டாணி அளவு மைக்கை ஒட்டுவேன்.
ஒட்டி முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வார்,
ஊசிக்குக் கை நீட்டிய பிள்ளை மாதிரி.

முதல் செருப்பைப் பற்றிக் கேட்டார் திலோத்தமா.
முதல் டேக்கில் அதைக் கான்வென்ட் சிஸ்டர் கொடுத்தார்.
இரண்டாவதில் யாரோ பஸ்ஸில் விட்டுப்போனது.
மூன்றாவதில் அப்பா எஸ்டேட் கடையில் கடன் சொல்லி வாங்கியது.
மூன்றிலும் ஒரே இடத்தில் குரல் தழுதழுத்தது.
மீட்டர் அதே கோட்டைத் தொட்டுத் திரும்பியது.
திலோத்தமாவுக்கு மூன்றாவது பிடித்துப்போனது.

வெறுங்காலோடு தேயிலைக்குள் நடங்கள் என்றபோதுதான்
முடியாது என்றார்.
அட்டை ஏறும் என்றார்.
உப்பு இருக்கிறது என்றோம்.
"கால் மட்டும் வேண்டாம்."
உலகத்துக் கால்களையெல்லாம் அளந்த ஆள்.
அன்று முழுக்க
கணுக்கால்வரை மூடிய பூட்ஸைக் கழற்றவே இல்லை.

நாலு மணிக்கு வெளிச்சம் போச்சு. பேக்கப்.
மைக்கைக் கழற்ற அவர் மறந்துவிட்டார்.
நான் மறக்கவில்லை. கழற்றவும் இல்லை.
அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஜான்ஸ்டன் சதுக்கத்தில் வேன் நின்றது.
ஹெட்போனுக்குள் அவர் கடைவீதிக்கு இறங்கினார்.
மினிபஸ் ஹாரன், கேரட் மூட்டைக்கு வழிவிடச் சொல்லும் அதட்டல்,
சூடா வர்க்கி, சூடா வர்க்கி,
பிறகு தார்ப்பாய்மேல் தூறல்.
ஏதோ கடைக்குள் நுழைந்துவிட்டார்.

"ஹவாய் எவ்ளோ?"
"நூத்தி எம்பது."
"இந்த வாருக்கா? ஒரு மழை தாங்காது காக்கா."
பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டினார்,
ஐந்தில் வந்து நின்றார்கள்.
மூன்று டேக்கிலும் கேட்காத குரல்.
கரகரப்பு, கொஞ்சம் வம்பு, எதற்கும் அழாத தொண்டை.

"இடது ஒம்பது குடுங்க. வலது எட்டு."
"ஜோடியப் பிரிச்சா மிச்சத்த வெச்சு நான் என்ன செய்ய?"
"ரெண்டு ஜோடிக்கும் காசு எடுத்துக்குங்க.
மிச்சம் இங்கயே தொங்கட்டும்.
என்னை மாதிரியே, தலைகீழா ஒருத்தர் வந்தா
குடுத்துருங்க."
"வருவாங்களா?"
"போன ஊர்ல எல்லாம் ஒண்ணு விட்டுட்டு வர்றேன்."
காக்கா சிரித்த சிரிப்பில்
மீட்டர் சிவப்புக்கு ஏறி இறங்கியது.

பிறகு நடராஜா சர்வீஸ்.
பட், பட்டக். பட், பட்டக்.
சர்ச் மேட்டில் ரேஞ்ச் போய்
வெறும் இரைச்சல்.

கோத்தகிரி காற்று ஏழு
என்று அந்தக் கோப்புக்குப் பெயர் வைத்தேன்.
காற்றை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

டிசம்பரில் உருளைக்கிழங்கு சிப்ஸ் விளம்பரத்துக்காக
மறுபடி அங்கே போனேன்.
ஹம்சாக்கா கடையில், குடைகளுக்கும் ரெயின்கோட்டுக்கும் நடுவே
சணலில் கட்டித் தொங்கியது.
இடது எட்டு, வலது ஒன்பது.
வாரில் தூசி. விலைச்சீட்டு இல்லை.
போட்டுப் பார்க்கலாமா என்றேன்.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
காலையே பார்த்துக்கொண்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

இடது கச்சிதம்.
வலது தொளதொளவென்று ஆடியது.
பெருவிரலை மடக்கிக் கொஞ்சம் சமாளித்தேன்.

"நீங்க இல்ல" என்றார்,
சணலைத் திரும்ப முடிந்துகொண்டே.